கரைவலை மடியும் கணினிக் கடலும்

பாம்பன் சாலைப் பாலத்தின் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்திருக்கிறீர்களா? ஆடி மாதம் தெற்கே மன்னார் வளைகுடா நுரைத்துக்கொண்டிருக்கும், வடக்கே பாக் விரிகுடா குளம்போலக் கிடக்கும். வாடை தொடங்கிவிட்டால் கதை தலைகீழ். தென்கடல், வடகடல் என்று இங்கே பிரித்துச் சொல்வது சும்மா இல்லை.

கடலைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் சிமுலேஷன் மென்பொருளுக்கு இந்த இடம் ஒரு தலைவலி. அது கடலைக் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் நீர்மட்டத்தையும் ஓட்டத்தையும் சில விநாடிக்கு ஒருமுறை கணக்கிடும். கட்டம் 1 கிலோமீட்டர் என்றால் பரந்த கடலுக்குப் போதும். பாம்பன் கால்வாயில் நீரோட்டம் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால், கால்வாயே ஒரு கட்டத்துக்குள் காணாமல் போய்விடும்.

எல்லாக் கட்டத்தையும் 100 மீட்டராகக் குறைத்துவிடலாமே என்று தோன்றும். கட்டங்கள் 100 மடங்காகும். அதோடு போகாது. எளிய கணக்கு முறைகளில் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்குள் அலை ஒரு கட்டத்தைத் தாண்டிவிடக் கூடாது. 1928-இல் கூராண்ட், ஃப்ரீட்ரிக்ஸ், லெவி என்ற மூவர் சொன்ன விதி இது. கட்டம் பத்தில் ஒன்றானால் கால இடைவெளியும் பத்தில் ஒன்றாக வேண்டும். ஆகமொத்தம் 1000 மடங்கு. ஒரு மணி நேரத்தில் முடிந்த வேலைக்கு இனி சுமார் 42 நாள்.

வழி, கரையில் நின்று இழுக்கும் கரைவலையில் இருக்கிறது. அதன் இரு கைகளிலும் கண் பெரிது. மீன் சேரும் மடிக்கு வர வரக் கண் சிறுத்துக்கொண்டே போகும். கணினி வலையையும் அப்படிப் பின்னலாம்: ஆழ்கடலில் 1 கிலோமீட்டர், கால்வாயில் 100 மீட்டர். இதில் ஒரு அழகு உண்டு. நீளமான அலையின் வேகம் ஆழத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 1000 மீட்டர் ஆழத்தில் விநாடிக்குச் சுமார் 100 மீட்டர், 10 மீட்டர் ஆழத்தில் சுமார் 10 மீட்டர். ஆக இரண்டு இடத்திலும் ஒரு கண்ணைத் தாண்ட அலைக்கு அதே 10 விநாடிதான்!

சரி, வலை பின்னியாயிற்று. அப்புறம்தான் உண்மையான தேடல். ஓடும் நீரோடு கடலடித் தரை எவ்வளவு உராய்கிறது என்பதற்கு ஒரு எண் கொடுக்க வேண்டும். வெறும் மணலுக்கு ஒன்று, பவளப்பாறைக்கு ஒன்று, கடற்புல்லுக்கு ஒன்று. இப்படி 6 எண்கள் என்று வைத்துக்கொள்வோம். கணினி சொல்லும் நீர்மட்டமும் கரையில் அளந்த நீர்மட்டமும் ஒத்துப்போகும்படி அவற்றைத் தேடுவதுதான் உகப்பாக்கம். ஒரு ஓட்டத்துக்கு, அதாவது மென்பொருளை ஒருமுறை ஓட்டி முடிக்க, 4 மணி நேரம் ஆகிறது என்றால், எண்ணுக்குப் பத்து மதிப்பு வீதம் எல்லாச் சேர்க்கையையும் ஓட்டிப் பார்க்க 456 ஆண்டு வேண்டும்.

கணக்கிட்ட மட்டத்துக்கும் அளந்த மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் பிழை. அது குறையும் திசையில் சரிவைப் பிடித்து இறங்குவது வேகமான முறை. ஒவ்வொரு எண்ணையும் கொஞ்சம் அசைத்துப் பார்க்க, ஒரு அடி எடுத்து வைக்க 7 ஓட்டம் போதும். ஆனால் தனுஷ்கோடிக்கு அப்பால் உள்ள மணல் திட்டுகளில் நீர் ஏற இறங்க, கட்டங்கள் நனைவதும் காய்வதுமாக இருக்கும். ஒரு கட்டம் சட்டென்று நனைந்தால் பிழையும் சட்டென்று குதிக்கும். சரிவே படிக்கட்டாக இருக்கும்போது இந்த முறை தடுக்கி விழும். பரிணாமத்தைப் பார்த்து உருவாக்கிய மரபணு நெறிமுறை, நன்றாகப் பொருந்தும் எண் தொகுப்புகளைக் கலந்து அடுத்த தலைமுறையை உண்டாக்கும்; அதற்குப் படிக்கட்டு ஒரு பொருட்டல்ல. ஆனால் 50 எண் தொகுப்புகள் கொண்ட கூட்டம், 40 தலைமுறை என்று வைத்தால் 2000 ஓட்டம், கிட்டத்தட்ட பதினொரு மாதம். பெயரில் மயங்கி இதைத் தொடங்கிவிட்டு, பாதியில் கைவிடுகிறவர்கள்தான் அதிகம் என்பது என் சந்தேகம்.

இந்த வேலைக்கு நான் எடுப்பது வேறு. எண்களைப் பரவலாகத் தெளித்து 60 ஓட்டம் மட்டும் ஓட்டுவது, பத்து நாள். அந்த 60 புள்ளிகளுக்கு நடுவே பிழை எப்படி இருக்கும் என்று ஊகிக்கும் ஒரு மலிவான பதிலி மாதிரியைக் கட்டிவிட்டு, தேடலை அதில் நடத்துவது. இந்த ஊகக் கணக்கின் வேர் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத்தில் இருக்கிறது. அங்கும் ஒவ்வொரு துளையும் செலவு. சில துளைகளை வைத்தே இடைப்பட்ட மண்ணில் தங்கம் எவ்வளவு என்று டேனி கிரிஜ் மதிப்பிட்டார். ஓட்டம் 4 மணி நேரமாக இல்லாமல் 4 விநாடியாக இருந்தால் நான் மரபணு நெறிமுறையையே எடுத்திருப்பேன், இத்தனை சுற்று எதற்கு?

வாடைக்கால அளவுகளை வைத்து எண்களைப் பொருத்தியபின், தேடலுக்குக் காட்டாமல் ஒளித்துவைத்த கச்சான் (தென்மேற்குக் காற்று) கால அளவுகளோடு ஒப்பிட வேண்டும். அங்கே பிழை எகிறினால் பெரும்பாலும் ஆழ வரைபடம் பழையது என்று பொருள். மணல் திட்டு நகர்ந்திருக்கும், அந்தத் தவறை உராய்வு எண் தன் தலையில் போட்டுக்கொண்டிருக்கும். எந்தத் தேடல் முறையாலும் அதைச் சரிசெய்ய முடியாது. படகெடுத்துப் போய் ஆழத்தை மறுபடி அளக்க வேண்டியதுதான்.