எளிய கேமராவில் ஒரு ஈயின் கண்

ஜன்னல் கண்ணாடியில் உட்கார்ந்திருக்கும் ஈயைச் செல்போனில் படமெடுக்க முயன்றவர்களுக்கு இது தெரிந்திருக்கும். தள்ளி நின்று எடுத்தால் ஈ ஒரு கரும்புள்ளி. கிட்டே போகப் போகப் புள்ளி பெரிதாகும். ஒரு கட்டத்துக்குப் பிறகு ஈ கலங்கிப்போய், வெளியே நிற்கும் மரம் பளிச்சென்று தெரியும். நல்ல கேமரா இருந்தால்தான் இதெல்லாம் முடியும் என்று பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒருநாள் பழைய ஃபிலிம் கேமராவின் லென்ஸ் ஒன்றைக் கழற்றி, என் சின்னக் கேமராவின் முன்னால் திருப்பிப் பிடித்துப் பார்த்தேன். ஈயின் கண்ணில் நெருக்கமாக அடுக்கிய அறுகோணங்கள் திரையில் வந்து நின்றன. அன்றைக்கு எனக்கு உண்டான சந்தோஷம் இன்னும் குறையவில்லை.

அதே கேமராதான். அப்படியானால் முன்பு அதால் ஏன் முடியவில்லை?

உங்கள் விரலைக் கண்ணுக்கு நேரே நீட்டி, மெதுவாகக் கிட்டே கொண்டுவாருங்கள். ஓரிடத்தில் ரேகைகள் கலங்கிவிடும். அதற்கும் கிட்டே வந்தால், விரலிலிருந்து கிளம்பும் ஒளிக்கதிர்கள் மிக விரிந்து வருகின்றன. அவற்றை வளைத்து விழித்திரையில் ஒன்றுசேர்க்கும் அளவுக்குக் கண்ணின் லென்ஸுக்குத் திறன் போதவில்லை. கேமராவிலும் இதேதான் நடக்கிறது. கண்ணின் லென்ஸ் தன் வடிவத்தை மாற்றிச் சமாளிக்கும். கேமராவின் லென்ஸ், படம் பதியும் தகடான சென்சாரை விட்டு முன்னால் நகர்ந்து சமாளிக்கும். எவ்வளவு நகர வேண்டும் என்பதில்தான் சிக்கல்.

செல்போன் லென்ஸின் குவிய நீளம் 5 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். தூரத்து மலையைப் பார்க்கும்போது லென்ஸ் சென்சாரிலிருந்து 5 மி.மீ. தள்ளி இருக்கும். 10 செ.மீ. தொலைவில் இருக்கும் பூவைத் தெளிவாகக் காட்ட, அது கால் மி.மீ. முன்னால் வந்தால் போதும். பூ 2 செ.மீ. தொலைவில் இருந்தால் ஒன்றரை மி.மீ.க்கும் கூடுதலாக நகர வேண்டும். 1 செ.மீ. என்றால் முழுசாக 5 மி.மீ. பள்ளியில் படித்த லென்ஸ் சமன்பாட்டில் போட்டுப் பார்த்தால் இந்த எண்கள் வந்துவிடும். மெல்லிய போனுக்குள் கால் மி.மீ. நகர இடம் உண்டு, 5 மி.மீ.க்கு இடமில்லை. சில போன்களில் மிகக் கிட்டத்தில் எடுக்க மேக்ரோ என்று தனியாக வருவது பல சமயம் அகலக் கோண லென்ஸைக் கொண்டுதான். அதன் குவிய நீளம் இன்னும் குறைவு என்பதால் நகர வேண்டிய தூரமும் குறைவு. ஆனால் பிம்பமும் சிறிதாகத்தான் விழும்.

சரி, லென்ஸை நகர்த்த முடியாது. கதிர்களை முன்கூட்டியே வளைத்துக் கொடுக்கலாம் அல்லவா? ஒரு குவிலென்ஸின் குவியப் புள்ளியில் பூச்சி இருந்தால், பூச்சியிலிருந்து விரிந்து வரும் கதிர்கள் அந்த லென்ஸைத் தாண்டியதும் இணையாகிவிடும். இணைகதிர்கள் என்றால் கேமராவைப் பொறுத்தவரை அடிவானத்திலிருந்து வரும் ஒளி. ஆக, மலையைப் பார்க்கும் நிலையில் இருக்கும் கேமரா எறும்பைத் தெளிவாகப் பார்க்கிறது. கூடுதல் லென்ஸின் வேலை இவ்வளவுதான். எனக்கு இது இன்றும் அழகான தந்திரமாகத் தோன்றுகிறது.

பிம்பம் எவ்வளவு பெரிதாக விழும் என்பதற்கு ஒரே ஒரு வகுத்தல்: கேமரா லென்ஸின் குவிய நீளத்தை முன்னால் வைத்த லென்ஸின் குவிய நீளத்தால் வகுக்க வேண்டும். கடைகளில் கிடைக்கும் குளோஸ்-அப் லென்ஸ்களில் டயாப்டர் என்று ஓர் எண் இருக்கும். 1000-ஐ அந்த எண்ணால் வகுத்தால் குவிய நீளம் மில்லிமீட்டரில் வரும். 8 டயாப்டர் என்றால் 125 மி.மீ. கையடக்கக் கேமராவை ஜூம் செய்து உண்மையான குவிய நீளத்தை 50 மி.மீ.க்குக் கொண்டுவந்து இதை முன்னால் மாட்டினால், உருப்பெருக்கம் 50-ஐ 125-ஆல் வகுத்த 0.4. இந்த வகைக் கேமராக்களில் சென்சாரின் அகலம் பெரும்பாலும் 6 மி.மீ. சுமார். அப்படியானால் வெளியே 15 மி.மீ. அகலமுள்ள இடம் படம் முழுவதையும் நிரப்பும். ஒரு பொறிவண்டுக்குத் தாராளமான இடம். பூச்சியும் லென்ஸும் 12.5 செ.மீ. விலகி இருப்பதால் வண்டும் மிரளாது, லென்ஸின் நிழலும் அதன் மேல் விழாது.

முன்னால் வைக்கும் லென்ஸ் எதுவாகவும் இருக்கலாம். ஒரு துளித் தண்ணீர்கூடப் போதும். சிறு துளியைப் பரப்பு இழுவிசை கோளத்தின் ஒரு பகுதி போலக் குவித்து வைக்கிறது. அதன் வளைவு ஆரம் 3 மி.மீ. என்றால், நீரின் ஒளிவிலகல் எண் 1.33 என்பதால், குவிய நீளம் சுமார் 9 மி.மீ. ஒரு தெளிவான பிளாஸ்டிக் துண்டில் துளியை வைத்து, அதைப் போனின் லென்ஸ் மேல் பிடித்துப் பாருங்கள். துளியை நேராகப் போன் மேல் விடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். துளி நடுங்கும், சாய்த்தால் ஓடும், சற்று நேரத்தில் ஆவியாகும். ஆனாலும் கதிர் எப்படி வளைகிறது என்று கண்ணால் பார்க்க இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது. 17-ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்தில் லீவன்ஹுக் செய்த நுண்ணோக்கிகளிலும் இருந்தது ஒரே ஒரு குட்டி லென்ஸ்தான். இன்று எஞ்சியிருப்பவற்றில் ஒன்று சுமார் 270 மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிறது.

உருப்பெருக்கிக் கண்ணாடி, உபயோகமில்லாத சிடி டிரைவில் இருக்கும் சின்ன லென்ஸ் இவையும் வேலை செய்யும். குறை என்னவென்றால், ஒற்றைக் கண்ணாடியில் நீலம் சற்றுக் கூடுதலாகவும் சிவப்பு சற்றுக் குறைவாகவும் வளையும். அதனால் எறும்பின் கால் ஓரத்தில் ஊதாப் பட்டை விழும். இதை நிறப்பிறழ்ச்சி என்பார்கள். இரண்டு வகைக் கண்ணாடிகளைச் சேர்த்து ஒன்றின் பிழையை மற்றொன்றால் ஈடுசெய்யும் லென்ஸுக்கு 1758-இலேயே லண்டனில் ஜான் டாலண்ட் காப்புரிமை பெற்றுவிட்டார். இன்றைய நல்ல குளோஸ்-அப் லென்ஸ்கள் அந்த வழியில் வந்தவை. காசு செலவழிப்பதென்றால் நான் இதற்குத்தான் செலவழிப்பேன்.

பழைய 50 மி.மீ. ஃபிலிம் கேமரா லென்ஸைத் திருப்பி வைப்பதில் இன்னொரு அழகு இருக்கிறது. அந்த லென்ஸ், தூரத்துக் காட்சியைச் சில சென்டிமீட்டர் பின்னால் இருக்கும் ஃபிலிமில் கூர்மையாக விழவைப்பதற்காக வடிவமைக்கப்பட்டது. ஒளி போன வழியிலேயே திரும்பியும் வரும். லென்ஸைத் திருப்பிவிட்டால், முன்பு ஃபிலிம் இருந்த இடத்தில் இப்போது எறும்பு. லென்ஸின் பின்புற வளையத்திலிருந்து நாலரை செ.மீ. அளவில் அது நிற்க வேண்டும். வடிவமைத்தவர்கள் பிழைகளைத் திருத்த எடுத்துக்கொண்ட பாடெல்லாம் எறும்பின் பக்கம் கிடைக்கிறது. முன்னே சொன்ன கேமராவில் இதை வைத்தால் 50-ஐ 50-ஆல் வகுத்து 1, அதாவது 6 மி.மீ. அகலக் காட்சி. லென்ஸின் துளையை முழுவதும் திறந்து வைக்க மறக்க வேண்டாம், இல்லாவிட்டால் மூலைகள் இருண்டுவிடும்.

சென்சார் சிறிதாக இருப்பது குறை என்று பொதுவாகச் சொல்வார்கள். பூச்சி விஷயத்தில் அதை நான் ஒப்புக்கொள்வதில்லை. 12 மி.மீ. நீளமுள்ள வண்டு படத்தை நிரப்ப, 36 மி.மீ. அகல சென்சாருக்கு 3 மடங்கு உருப்பெருக்கம் வேண்டும். சாதாரண மேக்ரோ லென்ஸ்கள் 1 மடங்கோடு நின்றுவிடும். சின்ன சென்சாருக்கு அரை மடங்கே போதும். பெரிய சென்சார் கூடுதல் ஒளியை வாங்கும் என்பது உண்மை. ஆனால் வண்டின் அதே அளவு பகுதி தெளிவாக விழ வேண்டுமென்றால் அதன் துளையை மிகவும் சுருக்க வேண்டியிருக்கிறது. கிடைத்த அனுகூலத்தில் பெரும்பகுதி அங்கே போய்விடுகிறது.

தெளிவாக விழும் பகுதி என்றேன். பூச்சிப் படம் எடுப்பவர்களை மிகவும் வாட்டுவது இதுதான். கிட்டே போகப் போக, தெளிவாகத் தெரியும் ஆழம் சுருங்கிக்கொண்டே போகும். மேலே சொன்ன 0.4 உருப்பெருக்கத்தில், எஃப் 4 துளையில் அது சுமார் கால் மி.மீ., எஃப் 8-இல் அரை மி.மீ. (எஃப் எண் கூடக் கூடத் துளை சிறிதாகும்.) காற்றில் செங்குத்தாக நிற்கும் ஒரு மெல்லிய தாளைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அந்தத் தாளுக்குள் இருப்பது மட்டும் கூர்மை, முன்னும் பின்னும் மங்கல். ஈயின் கண் தாளுக்குள் வந்தால் இறக்கை வெளியே போய்விடும்.

அப்படியானால் துளையை இன்னும் சுருக்கலாமே? இங்கேதான் ஒளி தன் அலைக் குணத்தைக் காட்டுகிறது. சிறு துளைக்குள் நுழையும் ஒளி விளிம்புகளில் வளைந்து பரவுகிறது. பாடப்புத்தகத்தில் இதை விளிம்பு விளைவு என்பார்கள். எஃப் 8-இல் பச்சை ஒளியின் ஒரு புள்ளி சென்சாரில் சுமார் 11 மைக்ரோமீட்டர் அகல வட்டமாக விழும். கையடக்கக் கேமராவின் ஒரு பிக்சல் ஒன்றரை மைக்ரோமீட்டர் அளவுதான். ஆக ஒரு புள்ளி ஏழெட்டு பிக்சல் அகலத்துக்குக் கலங்குகிறது. ஆழம் கூடினால் கூர்மை குறையும், கூர்மை கூடினால் ஆழம் குறையும். எந்தக் காசு கொடுத்தும் இதை மாற்ற முடியாது. நான் எஃப் 5.6 பக்கம் நிற்கிறேன். செல்போன்களில் பெரும்பாலும் துளை மாறாது என்பதால் இந்தக் கவலையே இல்லை.

மாற்றக்கூடியது கோணம். வண்ணத்துப்பூச்சி இறக்கையை மடக்கி உட்கார்ந்திருந்தால், இறக்கை முழுவதும் அந்தத் தாளுக்குள் அடங்கும்படி பக்கவாட்டில் நேராக நின்று எடுங்கள். கொஞ்சம் சாய்ந்தாலும் ஒரு முனை மங்கிவிடும். அசையாத பூச்சி கிடைத்தால், ஃபோகஸைச் சிறிது சிறிதாக மாற்றிப் பல படங்கள் எடுத்துக் கணினியில் அடுக்கலாம். ஒவ்வொரு படத்திலும் கூர்மையாக இருக்கும் இடத்தை மட்டும் பொறுக்கி மென்பொருள் ஒன்றாக்கிவிடும்.

கால் மி.மீ. தாளைப் பூச்சியின் கண்ணில் நிறுத்துவது தானியங்கி ஃபோகஸால் பல சமயம் ஆகாது, தேடிக்கொண்டே இருக்கும். ஃபோகஸை ஓரிடத்தில் பூட்டிவிட்டு, உடம்பை முன்னும் பின்னும் மெல்ல அசைத்து, கண் கூர்மையாகும் கணத்தில் அழுத்த வேண்டும். பூச்சி இருக்கும் குச்சியை இடது கையால் மெல்லப் பிடித்து, கேமராவை அதே கை மேல் தாங்கிக்கொள்வது பழையவர்கள் கற்றுத்தரும் வித்தை. கை ஆடினால் பூச்சியும் கேமராவும் சேர்ந்தே ஆடும், இரண்டுக்கும் இடையே அசைவு வெகுவாகக் குறைந்துவிடும்.

அசைவு எவ்வளவு கெடுக்கும் என்று பாருங்கள். 15 மி.மீ. காட்சி 4,600 பிக்சலில் விழுந்தால் ஒரு பிக்சலுக்கு வெளியே 3 மைக்ரோமீட்டருக்குச் சற்று மேல். எறும்பின் உணர்கொம்பு நொடிக்கு 1 செ.மீ. வேகத்தில் ஆடினால், நூறில் ஒரு நொடியில் அது 30 பிக்சல் நகர்ந்துவிடும். கொம்பு புகையாகத் தெரியும். கிட்டத்தில் மின்னும் ஃபிளாஷின் ஒளி பல சமயம் ஆயிரத்தில் ஒரு நொடிகூட நீடிப்பதில்லை. அப்போது நகர்வு மூன்று பிக்சலுக்குள் அடங்கிவிடும். ஷட்டர் செய்ய முடியாததை ஃபிளாஷ் செய்கிறது.

ஆனால் வெறும் ஃபிளாஷ் வண்டின் பளபளப்பான ஓட்டில் ஒரு வெள்ளைப் புள்ளியைக் குத்திவைக்கும். ஒளி மென்மையாக விழுவது, பூச்சியின் இடத்திலிருந்து பார்த்தால் விளக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதைப் பொறுத்தது. சூரியன் வானத்தில் அரை டிகிரிதான், நடுப்பகல் நிழல் அதனால்தான் அவ்வளவு கறார். 10 செ.மீ. அகல வெள்ளைத் தாள் ஒன்றை ஃபிளாஷுக்கு முன்னால், பூச்சியிலிருந்து 10 செ.மீ. தூரத்தில் பிடித்தால் அது 50 டிகிரிக்கு மேல் விரிந்து தெரியும். பூச்சிக்கு அது மேகம் மூடிய வானம். சின்ன உயிர்களைப் படமெடுப்பவருக்கு இது பெரிய சலுகை, ஒரு தாளே ஸ்டூடியோ ஆகிவிடுகிறது.

பூச்சி நம்மை எப்படிப் பார்க்கிறது என்பதும் உதவும். நாம் நொடிக்கு 60 முறை அளவில் மின்னும் விளக்கைத் தொடர்ந்து எரிவதாகக் காண்கிறோம். ஈயின் கண் 250 முறை வரை பிரித்தறியும். நமக்கு வேகமான கையசைவு அதற்கு நிதானமானது. தன்னை நோக்கிச் சட்டென்று பெரிதாகிவரும் எதையும் கண்டு அது பறக்கும். மெதுவாக, நிழல் விழாமல், நேர்கோட்டில் நெருங்கினால் இருக்கும். அதிகாலையில் இன்னும் சுலபம். உடம்பு குளிர்ந்திருக்கும் தும்பி பறக்க முதலில் தசையைச் சூடாக்க வேண்டும், அதுவரை புல்நுனியில் பனித்துளியோடு அப்படியே இருக்கும். பூச்சியைப் பிடித்துக் குளிர்பெட்டியில் வைத்து மரத்துப்போகச் செய்து எடுப்பவர்களும் உண்டு. அதை நான் செய்வதில்லை, செய்யவும் கூடாது.

அப்புறம், ஒரு கும்பிடுபூச்சி கிடைத்தால் விடாதீர்கள். அதன் பச்சைக் கண்ணில் ஒரு கரும்புள்ளி இருக்கும். இடப்பக்கம் போனாலும் வலப்பக்கம் போனாலும் அது நம்மையே திரும்பிப் பார்ப்பதுபோல் தோன்றும். உண்மையில் அங்கே நம் கண்ணில் இருப்பதுபோல் கண் பாப்பா எதுவும் இல்லை. கூட்டுக்கண் என்பது வெவ்வேறு திசையில் நீட்டிய குட்டிக் குழாய்களின் கட்டு. நம்மை நோக்கி நேராக இருக்கும் குழாய்களுக்குள் போகும் ஒளி உள்ளேயே உறிஞ்சப்படுவதால் அவை கறுப்பாகத் தெரிகின்றன. மற்றவற்றின் பக்கச் சுவர்கள் ஒளியைத் திருப்பியனுப்புவதால் பச்சையாகத் தெரிகின்றன. கேமராவைச் சற்று நகர்த்தி இரண்டு படம் எடுத்து ஒப்பிட்டால் புள்ளி இடம் மாறியிருக்கும். பூச்சிகளின் பார்வைப் புலத்தை ஆய்வாளர்கள் அளப்பதற்கும் இந்தப் புள்ளியைத்தான் பின்தொடர்கிறார்கள். உங்கள் படத்தில் அது எங்கே விழுந்திருக்கிறதோ, அந்தக் குழாய்கள்தான் ஷட்டர் திறந்த கணத்தில் உங்கள் லென்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தவை.