கொள்ளு விதைக்கு முதலில் அனுமதி, பிறகு விலை

மொரீஷியஸில் கொள்ளு பயிரிட நினைப்பவர் முதலில் அணுக வேண்டியது விதைக் கடையை அல்ல, தேசியத் தாவரப் பாதுகாப்பு அலுவலகத்தை. 2006-ஆம் ஆண்டின் தாவரப் பாதுகாப்புச் சட்டப்படி, வெளிநாட்டிலிருந்து விதை கொண்டுவரத் தாவர இறக்குமதி அனுமதி வேண்டும். சென்னையிலிருந்து அத்தை தபாலில் அனுப்பும் பொட்டலமும் இறக்குமதிதான்.

விதையை வாங்கிப் பெட்டியில் வைத்த பிறகு அனுமதியைப் பற்றி விசாரிப்பதில் பயனில்லை. விண்ணப்பத்தில் பயிரின் தாவரவியல் பெயர் (மேக்ரோடைலோமா யூனிஃப்ளோரம்), எந்த நாட்டிலிருந்து வருகிறது, எவ்வளவு, எதற்காக என்பவற்றைத் தெளிவாக எழுதுங்கள். விதைக்கவா, சமைக்கவா என்பதில் மழுப்ப வேண்டாம். அனுமதியின் நகலை இந்தியாவில் விதை அனுப்புபவரிடம் கொடுத்தால், அதிலுள்ள நிபந்தனைகளைக் காட்டி அங்குள்ள தாவரத் தனிமைப்படுத்தல் அலுவலகத்தில், விதையில் பூச்சியும் நோயும் இல்லை என்று சொல்லும் பயிர் நலச் சான்றிதழ் பெறுவார். சான்றிதழின் மூலப்படி சரக்குடனே வர வேண்டும். விதையைக் கையோடு கொண்டுவந்தால், மொரீஷியஸின் பிளேசான்ஸ் விமான நிலையத்தில் இறங்கியதும் நீங்களே அறிவித்துவிடுங்கள். தாள் இல்லாத விதையைப் பறிமுதல் செய்து அழிக்க அதிகாரிகளுக்கு உரிமை உண்டு.

ஒரு பிடி கொள்ளுக்கு இவ்வளவு கெடுபிடியா என்று தோன்றும். தானியத்தை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். தோலின்மேல் ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளி ஒட்டியிருந்தால் அது பயறு வண்டின் முட்டையாக இருக்கலாம். புழு உள்ளேயே தின்று வளர்ந்து, வண்டாகி, வட்டமாக ஓட்டை போட்டு வெளியே வரும். நாலு பக்கமும் கடல் சூழ்ந்த தீவில் புதிய பூச்சி ஒன்று குடியேறிவிட்டால் விரட்டுவது பெரும்பாடு.

அலைச்சலுக்கு ஏற்ற பயிர்தான் இது. தமிழ்நாட்டில் மழை குறைந்த கிருஷ்ணகிரி, தர்மபுரி மானாவாரி நிலங்களில் மூன்று, மூன்றரை மாதத்தில் விளைகிறது. பயறு ரசத்துக்கும் துவையலுக்கும், கொடி மாட்டுக்கு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பையூர் 1, பையூர் 2 ரகங்கள் பெயர் பெற்றவை. இருந்தும் ஏழைப் பயறு என்று ஒதுக்கிவிட்டோம். அது நம் குறை.

தமிழ்நாட்டு வழக்கப்படி நாள்காட்டியைப் பார்த்துப் புரட்டாசியில் விதைக்காதீர்கள். கொள்ளு, பகல் குறுகும்போது பூக்கும் பயிர். மொரீஷியஸ் தென்கோளத்தில் இருப்பதால் இங்கே பகல் குறுகுவது மே, ஜூனில். ஆகவே பெருமழை ஓய்கிற மார்ச், ஏப்ரல் வாக்கில், வறண்ட மேற்குக் கரையில், நீர் தேங்காத துண்டு நிலத்தில் முயன்று பார்க்கலாம். மண்ணைப் பற்றி உணவு மற்றும் வேளாண் ஆராய்ச்சி விரிவாக்க நிறுவனத்தின் அலுவலர்களிடம் கேளுங்கள். விதை வந்து சேருவதற்கு முன்பே கேட்பது நல்லது.