அமர காதல்: சாகாத சொல் செத்தவரைச் சேர்ந்த கதை

மதுரை சிம்மக்கல்லில் ஒரு சுவர். இடது பக்கம், பழைய படம் ஒன்றை மறுபடி திரையிடுகிறார்கள் என்று போஸ்டர். கதாநாயகி கண்ணை மூடிக் கதாநாயகன் தோளில் சாய்ந்திருக்க, கீழே மஞ்சள் எழுத்தில் 'அமர காதல் காவியம்'. அதை ஒட்டியே, பசை காயாத ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர், அதில் பெயருக்கு முன்னால் 'அமரர்'. ஆறாவது படிக்கிற அக்கா மகன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "மாமா, அப்ப இது செத்தவங்க காதலா?" என்று கேட்டான். சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து யோசித்தால் அவன் கேட்டதில் தப்பே இல்லை.

'அமர' வடமொழிச் சொல். மரணம் எந்த வேரிலிருந்து வந்ததோ அதே வேர்தான் இதற்கும். முன்னால் இருக்கிற 'அ' இல்லை என்று சொல்கிறது. ஆக அமரன் என்றால் சாவில்லாதவன். அமிர்தமும் இதே வீட்டுப் பிள்ளை. அமிர்தம் குடித்த தேவர்கள் அமரர்கள். 'அடக்கம் அமரருள் உய்க்கும்' என்று வள்ளுவர் சொல்வது அவர்களைத்தான். அப்புறம், செத்துப்போனார் என்று வாய்விட்டுச் சொல்ல நமக்குக் கூசுமே, இலக்கணத்தில் இதற்கு மங்கலம் என்றே பெயர், அந்தக் கூச்சத்தில் 'தேவர்களோடு சேர்ந்துவிட்டார், அமரர் ஆகிவிட்டார்' என்று சொல்லிச் சொல்லி, சாவில்லாதவனைக் குறித்த சொல் செத்தவரைக் குறிக்கிற சொல்லாகவே மாறிவிட்டது. இன்றைக்குத் தத்தனேரி சுடுகாட்டுக்குப் போகிற வண்டியில் எழுதியிருப்பது 'அமரர் ஊர்தி'.

சினிமாக்காரர்கள் 'அமர' என்று போடும்போது பழைய பொருளைத்தான் நினைக்கிறார்கள். ஆனால் படத்தைப் பார்த்தால் புதுப் பொருள்தான் பொருந்துகிறது! 1953-இல் வந்த தேவதாஸ் காதலியின் வீட்டு வாசலிலேயே விழுந்து சாகிறான். 1937-இல் தியாகராஜ பாகவதரும் 1957-இல் சிவாஜியும் நடித்த அம்பிகாபதி கதை இன்னும் மோசம். சோழ இளவரசியைக் காதலித்த புலவன் அவன், சிற்றின்பம் கலக்காமல் நூறு பாட்டுப் பாடினால் உயிர் தப்பலாம் என்பது நிபந்தனை. காப்புப் பாட்டையும் சேர்த்து எண்ணிய இளவரசி, தொண்ணூற்றொன்பதிலேயே நூறு முடிந்துவிட்டது என்று நினைத்து எட்டிப் பார்க்கிறாள், அவனும் அவளைப் பார்த்ததும் மயங்கி மனத்தில் உள்ளதைப் பாடிவிடுகிறான், தலை போகிறது. எண்ணிக்கையில் ஒன்று பிசகியதற்கு ஓர் உயிர். அந்த இளவரசியின் பெயர் அமராவதி என்பதை என்னவென்று சொல்ல?

நம்ம ஊர்க் கதைக்கே வருவோம். மதுரையை எரித்துவிட்டு வைகைக் கரையோடு மேற்கே நடந்த கண்ணகி, பதினாலு நாள் கழித்து மலைமேல் வேங்கை மர நிழலில் நிற்க, தேவர்கள் வந்து போற்ற, கோவலனோடு 'வான ஊர்தி ஏறினள்' என்கிறார் இளங்கோ. அமரர்கள் கொண்டுவந்த ஊர்தி. இரண்டு சொல்லும் அப்போதே பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றுவிட்டன.

இதில் இன்னொரு வேடிக்கை, தமிழிலேயே 'அமர்' என்று ஒரு சொல் தனியாக இருக்கிறது. உட்கார் என்பது எல்லோருக்கும் தெரிந்த பொருள். போர் என்று ஒன்று உண்டு. மூன்றாவதைத்தான் நாம் தொலைத்துவிட்டோம்: விரும்புதல். 'அமர்தல் மேவல்' என்று தொல்காப்பியம் உரியியலில் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறது, மேவல் என்றால் விருப்பம். குறளில் 'முகனமர்ந்து இன்சொலன்' என்று வருவதை முகத்தில் உட்கார்ந்து என்று யாரும் படிப்பதில்லை, முகம் விரும்பி, மலர்ந்து என்றுதான் படிக்கிறோம். 2024-இல் வந்த, சண்டையில் உயிர்விட்ட ராணுவ அதிகாரியைப் பற்றிய 'அமரன்' படத்தின் தலைப்பை இப்போது வைத்துப் பாருங்கள், போர், விருப்பம், இறந்தவர், இறவாதவர் எல்லாம் ஒரே சொல்லில் வந்து குவிகின்றன. அது யோசித்து வைத்ததோ, தானாக அமைந்ததோ.

ஒரு எச்சரிக்கை: நடுவில் ஒற்றுப் போட்டு 'அமரக் காதல்' என்று எழுதிவிட்டால், 'அமரச் சொன்னார்' மாதிரி, உட்காருவதற்கான காதல் என்றும் படிக்கலாம். ராஜாஜி பூங்கா பெஞ்சில் நடப்பதற்கு அது சரியான பெயர்தான்.

சரி, நேரான தமிழ் என்ன? சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'சாவாக் காதல்'. அமிர்தத்தை வள்ளுவரே 'சாவா மருந்து' என்று எழுதிக் காட்டியிருக்கிறார், அதனால் வழி இருக்கிறது. ஆனால் போஸ்டரில் போட்டால் 'சாவா?' என்று கேள்வி மாதிரி இருக்கும், எந்த விநியோகஸ்தரும் ஒத்துக்கொள்ள மாட்டார். 'அழியாக் காதல்' பரவாயில்லை. 'நிரந்தரக் காதல்' பேங்க் டெபாசிட் மாதிரி.

எனக்குப் பிடித்தது 'மாறாக் காதல்'. காரணம் குறுந்தொகை 49. 'இம்மை மாறி மறுமை ஆயினும்' என் கணவன் நீதான், உன் நெஞ்சுக்கு ஏற்றவள் நான்தான் என்கிறாள் தலைவி. மாறுவது பிறப்பு, அவள் அல்ல. இதை அவள் யாரிடம் சொல்கிறாள் என்றால், பரத்தையிடம் போய்விட்டுத் திரும்பி வந்து நிற்கிறவனிடம். அங்கே யாரும் விஷம் குடிக்கவில்லை, மலையிலிருந்து குதிக்கவில்லை. மதுரை மெக்கானிக் ஒருவனின் கதையைச் சொன்ன 2004-ஆம் ஆண்டுப் படமான 'காதல்' கூட இந்தப் பக்கம்தான் நிற்கிறது; புத்தி பேதலித்துத் திரிகிற அவனை, அவன் காதலித்தவளுடைய கணவனே கூட்டிப் போய்ப் பார்த்துக்கொள்கிறான். அதை அமர காதல் என்றால் ஒட்டாது, மாறாக் காதல் என்றால் ஒட்டும்.

ஒரு பிறப்புக்கு மட்டும் உறுதி கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் குறளில் காட்சி உண்டு. 'இந்தப் பிறப்பில் பிரியமாட்டோம்' என்று அவன் ஆசையாகச் சொல்ல, அப்படியானால் அடுத்த பிறப்பில் பிரிவாயா என்று அவள் கண் நிறைய நீர் கொண்டாள் (1315). பாவம் அவன்.

எங்கள் அப்பத்தாவிடம் இந்தச் சொற்கள் ஒன்றுகூடக் கிடையாது. அமரமும் தெரியாது, மறுமையும் பேசாது. அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டு வந்த அன்று, படிப்பு, சம்பளம், நிலம் எல்லாம் சொல்லி முடிக்கிற வரை வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டுவிட்டு, ஒரே ஒரு கேள்விதான் கேட்டது.

"அதெல்லாம் இருக்கட்டும்டா. கடைசி மட்டும் வச்சுப் பாத்துக்குவானா?"