மன்னர் முகத்தோரம் ஒரு பிஸ்மில்லா

ஏழாம் நூற்றாண்டின் நடுவில், அரபுப் படைகள் ஈரானைப் பிடித்த புதிதில் அடித்த வெள்ளிக்காசு ஒன்றைக் கையில் எடுத்தால் முதலில் குழப்பம்தான் வரும். மூன்று சென்டிமீட்டர் அகலம், மெல்லிய தகடு, சுமார் 4 கிராம் எடை. முன்பக்கத்தில் சிறகு வைத்த கிரீடத்தோடு அரபுகளுக்கு முன் ஈரானை ஆண்ட சாசானிய வம்சத்து மன்னர் இரண்டாம் குஸ்ரோ; அவரோ 628-லேயே கொல்லப்பட்டவர். பின்பக்கத்தில் ஈரானின் பழைய மதத்தவரான ஜொராஸ்திரியரின் நெருப்புப் பீடம், இருபுறமும் இரண்டு காவலர். எழுத்து பகலவி, அதாவது அக்காலப் பாரசீக எழுத்து. இதில் இஸ்லாம் எங்கே? முன்பக்க வளையத்துக்கு வெளியே, வலது கீழ் ஓரத்தில், பொடி அரபி எழுத்தில் ‘பிஸ்மில்லா’, அதாவது ‘அல்லாஹ்வின் பெயரால்’. அவ்வளவுதான்.

புது ஆட்சியாளர்கள் காசு அடிக்கும் பழைய அக்கசாலைகளையும் அங்கிருந்த கைவினைஞர்களையும் அப்படியே வைத்துக்கொண்டார்கள். காசை வாங்குகிறவனுக்குப் பழகிய முகம் வேண்டும், இல்லாவிட்டால் உரசிப் பார்க்கத் தொடங்கிவிடுவான். வேலையும் எளிது. வெள்ளி வில்லையைக் கீழ் அச்சின் மேல் வைத்து, மேல் அச்சைப் பிடித்துச் சம்மட்டியால் அடிப்பார்கள். அச்சில் காலியாகக் கிடந்த ஓரத்தில் ஒரு சொல்லை இடவலம் மாற்றிச் செதுக்கிவிட்டால் காசு புது ஆட்சியின் காசாகிவிடும்.

ஆண்டைப் படிப்பதுதான் தலைவலி. பீடத்துக்கு இடப்பக்கம் 26 என்றிருந்தால், எந்த 26? இஸ்லாமிய ஆண்டுக்கணக்கான ஹிஜ்ரி என்றால் 646-47. கடைசி சாசானிய மன்னர் யஸ்தகிர்து பட்டமேறிய 632-லிருந்து எண்ணினால் 657-58. அவர் 651-ல் இறந்ததிலிருந்து எண்ணும் கணக்கும் உண்டு, அப்படியானால் 677-78. அக்கசாலைப் பெயரையும் ஆளுநர் பெயரையும் வைத்துத்தான் முடிச்சை அவிழ்க்க வேண்டும்.

இதற்கெல்லாம் முற்றுப்புள்ளி வைத்தவர் உமையா வம்சத்துக் கலீபா அப்துல் மலிக். ஹிஜ்ரி 77-ல் தங்க தினார், ஓரிரு ஆண்டுகளில் வெள்ளி திர்ஹம். உருவம் போய் முழுக்க எழுத்து வந்தது. நடுவில் ‘அல்லாஹ்வைத் தவிர இறைவன் இல்லை’, சுற்றிலும் அடித்த ஊரும் ஆண்டும் சொற்களாகவே. கலீபாவின் பெயர்கூடக் கிடையாது. பத்து திர்ஹம் ஏழு மித்கால் (அக்கால எடை அலகு) எடை என்பது கணக்கு. ஒரு காசு 3 கிராமுக்குச் சற்றுக் குறைவு.

அப்புறம் பழைய 4 கிராம் காசுகள் என்ன ஆயின? உருக்கினார்கள், அல்லது புது எடைக்கு இறங்கும்வரை ஓரத்தை வெட்டினார்கள். பிஸ்மில்லா இருந்ததும் அதே ஓரத்தில்தானே! அதனால்தான் முழு விளிம்போடு கிடைக்கும் காசுக்குச் சேகரிப்போரிடம் அத்தனை மதிப்பு. புது திர்ஹம்களில் அரிதா இல்லையா என்பது ஊரையும் ஆண்டையும் பொறுத்தது. ஈராக்கின் வாஸித் நகரக் காசுகள் ஏராளம். சிறிய ஊர் ஒன்றின் அக்கசாலை ஓராண்டு மட்டும் அடித்தது என்றால் விரல்விட்டு எண்ணலாம்.

காஸ்பியன் கரையில் தபரிஸ்தான் மட்டும் இந்த மாற்றத்துக்கு அசையவில்லை. உமையாக்களுக்குப் பின் வந்த அப்பாஸிய வம்சத்தின் ஆளுநர்கள் வந்த பிறகும் அங்கே பாதி எடைக் காசில் குஸ்ரோ பாணி முகமே தொடர்ந்தது. 787 வாக்கில் சுலைமான் என்ற ஆளுநர் முகத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு சாய்சதுரம் போட்டார். அதற்குள் ‘பக்’ என்று ஓர் அரபிச் சொல். ‘நல்ல காசு’ என்று உறுதி சொல்வது போல. கிரீடம், காதணி எல்லாம் அப்படியே இருக்க, நடுவில் முகம் மட்டும் இல்லை. விசித்திரமான காசு. அவர் போனதும் முகம் திரும்பி வந்துவிட்டது.