தங்காள்: அண்ணன் தங்கை பாட்டுகளுக்குள் இருக்கும் ஒரு சொல்

தங்காள், பெயர்ச்சொல். தங்கை என்பதன் மற்றொரு வடிவம். கொங்கு நாட்டில் உடுக்கடிப் பாட்டில் நிலைத்த பெயர். தங்காயி, தங்கச்சி இரண்டும் தங்கையின் வேறு வடிவங்கள்.

காங்கயம், தாராபுரம், கரூர்ப் பக்கம் இந்தச் சொல்லைச் சொன்னால் பெரியவர்களுக்கு முதலில் நினைவில் வருபவள் அருக்காணித் தங்காள். கொங்கு நாட்டு வீரக்கதையான அண்ணன்மார் கதையில் பொன்னருக்கும் சங்கருக்கும் உடன்பிறந்தவள். உடுக்கை அடித்துப் பாடுகிறவர் ஒருவர், பின்பாட்டுக்காரர் ஒருவர், பாட்டும் வசனமும் மாறி மாறி வரும். கதை பல இரவுகள் தொடரும். 1965இல் காங்கயம் அருகே ஓலப்பாளையத்தில் மானிடவியலாளர் பிரெண்டா பெக் இதை ஒலிநாடாவில் முழுமையாகப் பதிவு செய்தார். அண்ணன்மார் போர்க்களத்தில் சாய்ந்த பிறகு தங்காள் அவர்களைத் தேடிப் போகிற பகுதி வந்தால் கூட்டம் அசையாது. அண்ணன்மாருக்குக் கோயில் உள்ள வீரப்பூரின் விழாவிலும் கொங்கு ஊர்க் கோயில்களிலும் படுகளம் போடுவது இந்தக் கட்டத்தைத்தான்: ஆட்கள் மாண்டவர்போல் விழுந்து கிடப்பார்கள், பிறகு எழுப்பப்படுவார்கள். தமிழில் உடன்பிறந்தாரைப் பற்றிய பாட்டுகளில் இவ்வளவு பெரியது வேறு அதிகம் இல்லை.

இனி சொல்லைப் பிரிப்போம். தங்கை = தம் + கை. முன்பாதி ‘தம்’ என்றால் ‘தங்களுடைய, அவருடைய’. ஆக, தங்கை என்பதன் பழைய பொருள் வெறும் ‘இளைய பெண்பிறப்பு’ அல்ல, ‘அவருடைய இளையவள்’. என் தங்கையைச் சொல்ல எங்கை, உன் தங்கையைச் சொல்ல நுங்கை என்று தனித்தனிச் சொற்கள் இருந்தன. தம்பிக்கும் இதே வரிசைதான்: எம்பி, நும்பி, தம்பி. கம்பனில் ‘எம்பி’, ‘உம்பி’ என்று வருவதெல்லாம் இதுவே. தந்தைக்கு எந்தை, நுந்தை, தந்தை. தாய்க்கு யாய், ஞாய், தாய். குறுந்தொகையின் 40ஆம் பாட்டில் ‘யாயும் ஞாயும்’ என்றும் ‘எந்தையும் நுந்தையும்’ என்றும் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. யாருக்கு உறவு என்பதைச் சொல்லுக்கு வெளியே தேட வேண்டாம், சொல்லே சொல்லிவிடும்.

தன்மை, முன்னிலை வடிவங்கள் பேச்சிலிருந்து மறைந்து, படர்க்கை வடிவம் மட்டும் எஞ்சியது. அதனால்தான் இன்று ‘என் தங்கை’ என்கிறோம். பழைய கணக்கில் அது ‘என் அவருடைய-இளையவள்’ என்று இரட்டிப்பு ஆகும். இதைப் பிழை என்று திருத்த வேண்டியதில்லை. சொல்லின் பழைய பிடி தளர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

‘நம்’ சேர்ந்த வடிவமும் உண்டு: நம்பி, நங்கை. இவை உறவைவிட்டுச் சிறப்புப் பெயர்களாகிவிட்டன. கொங்கு வழக்கில் நங்கை வீட்டை விட்டுப் போகவில்லை. அண்ணன் மனைவியை ‘நங்கையா’ என்று கூப்பிடுகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. தங்கையும் நங்கையாவும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசும்போது அங்கே இருப்பது ஒரே வேரின் இரண்டு சொற்கள். சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் மலை ஏறித் தாளவாடிப் பக்கம் போனால் கன்னடத்தில் தங்கையைத் ‘தங்கி’ என்றும் தம்பியைத் ‘தம்ம’ என்றும் சொல்வது காதில் விழும். மொழி மாறினாலும் அந்தத் ‘தம்’ போகவில்லை.

தங்கை தங்காள் ஆனது எப்படி? அக்கை அக்காள் ஆனது போல, ‘ஆள்’ என்ற பெண்பால் ஈறு சேர்ந்து. தங்கச்சியில் சேர்ந்தது ‘ச்சி’. பாட்டில் தங்காள் நிலைத்ததற்கு ஓசைக் காரணமும் பொருந்துகிறது. சொல்லின் இறுதியில் வரும் ஐகாரம் இரண்டு மாத்திரையிலிருந்து ஒன்றாகக் குறுகும் என்பது இலக்கணம். பேச்சிலும் தங்கை ‘தங்கெ’ என்றுதான் முடிகிறது. அப்படிக் குறுகும் ஒலியில் நீட்டிப் பாட இடம் இல்லை. ‘தங்கா…’ என்று ஆகாரத்தில் நிறுத்தினால் மூச்சு உள்ள வரை இழுக்கலாம், உடுக்கையின் அடி அதற்குள் வந்து விழும். ஒப்பாரிக்கும் இதே வசதி. பாட்டை எழுத்தில் பெயர்க்கிறவர்கள் இதை இலக்கணத் தமிழாக்குகிறேன் என்று ‘தங்கை’ என மாற்றிவிடுகிறார்கள். அந்த வரியைத் திரும்பப் பாடிப் பார்த்தால் அடி முறிந்து நிற்கும். பாடியபடியே எழுதுவதுதான் முறை. ‘தங்கால்’ என்று லகரம் போட்டு எழுதுவது தெளிவான பிழை.

இங்கே அடிக்கடி நடக்கும் குழப்பம் ஒன்று. அண்ணன்மாரின் உடன்பிறந்தவளையும் சில பாடங்களில் நல்லதங்காள் என்பார்கள். ஏழு குழந்தைகளோடு கிணற்றில் விழுந்த நல்லதங்காள் வேறு. அவளுக்கு அண்ணன் நல்லதம்பி, அண்ணி மூளி அலங்காரி, அது தெற்கத்திக் கதை. பஞ்சத்தில் பிறந்த வீட்டுக்கு வந்தவளுக்குச் சோறு இல்லாமற்போன கதை அது. களத்தில் விழுந்த அண்ணன்மாரைத் தேடிப் போனவள் கதை இது. இரண்டும் கலப்பதற்குக் காரணம் பெயர்தான். நல்லதங்காள், நல்லதம்பி என்பவை உறவுச்சொல்லுக்கு முன் ‘நல்ல’ சேர்த்தவை, தனி ஆட்பெயரின் அடையாளம் குறைவு. பாட்டைத் தேடும்போது ‘அருக்காணி’ என்ற முன்பெயரைச் சேர்த்துத் தேடினால் தவறு வராது.

அண்ணன்மார் என்பதில் ‘மார்’ உறவினருக்கும் மதிப்புக்குரியோருக்கும் வரும் பன்மை ஈறு. பேச்சில் னகரம் தேய்ந்து ‘அண்ணமார்’ ஆகும், கோயில் பலகைகளில் இரண்டும் உண்டு, இரண்டும் சரி. ‘அண்ணன்மார்கள்’ என்று இன்னொரு ‘கள்’ தேவையில்லை.

அண்ணன் தங்கை பாட்டு என்று தொகுக்கிறவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது தாலாட்டை. அதில் அண்ணன் என்ற சொல் பெரும்பாலும் வராது. குழந்தைக்குச் சொல்லும்போது அம்மாவின் உடன்பிறந்தவன் ‘மாமன்’ ஆகிவிடுகிறான். மாமன் மல்லிகைப்பூச் செண்டால் அடித்தானோ என்று கேட்கிற தாய், குழந்தையைச் சாக்கிட்டுத் தன் அண்ணனைத்தான் கொஞ்சுகிறாள். அவன் கொண்டுவரும் தொட்டில், வளையல், சீர் எல்லாம் பொறந்த ஊட்டுப் பெருமை. ஆகவே மாமன் வருகிற தாலாட்டு முழுவதும் உடன்பிறந்தாள் பாட்டுதான். 1961இல் வந்த பாசமலர் படத்தின் ‘மலர்ந்தும் மலராத’ பாட்டும் தாலாட்டு என்பதை இதோடு சேர்த்துப் பார்க்கலாம். அதில் பெண் குழந்தையைத் ‘தங்கை மகள்’ என்று கண்ணதாசன் எழுதுகிறார், முன்னால் ‘என்’னும் இல்லை, ‘தன்’னும் இல்லை. யாருடைய தங்கை? வரியில் நிற்கும் மாமனுடைய தங்கை. பழைய ‘தம்’ அந்த இடத்தில் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது.

இப்போது சகோதரி. இது வடமொழி: ஸஹ (உடன்) + உதரம் (வயிறு). ஒரே வயிற்றில் பிறந்தவள். நேர்த் தமிழ் உடன்பிறந்தாள், கொங்கில் கூடப் பொறந்தவ. ‘சகோதிரி’ என்று எழுதுவது பிழை, உதரம் என்ற வேரை நினைவில் வைத்தால் ‘தி’ வராது. சகோதரி என்ற சொல்லில் இரண்டு குறை. முதலாவது, அக்காவா தங்கையா என்று அது சொல்லாது. தமிழ் உறவில் அது சின்ன விவரம் அல்ல. மூத்தவரை உறவு சொல்லிக் கூப்பிடுவோம், இளையவரைப் பெயர் சொல்லியோ ‘அம்மிணி’ என்றோ கூப்பிடுவோம். பாட்டில் யார் யாரை எப்படி விளிப்பது என்பதே இதைக்கொண்டுதான் அமைகிறது. ‘ஏனுங்ணா’ என்று தங்கை கேட்கலாம், ‘ஏனுங் சகோதரா’ என்று யாரும் கேட்பதில்லை.

இரண்டாவது குறை அளவு. சகோதரி ஒரு வயிற்றோடு நிற்கும். தங்கை நிற்பதில்லை. சித்தப்பன் மகள், பெரியப்பன் மகள், பெரியம்மாள் மகள், சின்னம்மாள் மகள் என இளையவர் அனைவரும் தங்கைகள். கொங்கு வேளாளரில் ஒரே கூட்டத்தில், அதாவது ஒரே குலப்பிரிவில், பிறந்த இளைய பெண், முன்பின் பார்த்திராதவளாக இருந்தாலும் தங்கை முறை. பங்காளி வீட்டுப் பெண்ணைக் கட்டக்கூடாது என்ற விதி இந்த ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது. கல்யாணத்தில் இணைச்சீர் என்ற சடங்கைச் செய்ய மாப்பிள்ளைக்குக் கூடப் பொறந்தவள் இல்லையென்றால் பங்காளி வீட்டுப் பெண்ணை நிறுத்துவதும் இதனால்தான். அவளும் பொறந்தவளே.

அண்ணன் தங்கை ‘பாசம்’ என்பதில் உள்ள பாசமும் வடசொல்தான். பொருள் கயிறு. எமனின் பாசக்கயிறும் சைவ சித்தாந்தத்தின் பதி, பசு, பாசமும் இதுவே. கட்டு என்பதிலிருந்து அன்பு என்ற பொருளுக்கு வந்திருக்கிறது. மக்கள் வாயில் ஊறிய சொல், விலக்க வேண்டாம். ‘தங்கச்சி செண்டிமெண்ட் பாட்டு’ என்பதை மட்டும் விடலாம். செண்டிமெண்ட் என்றால் உருக்கம் என்றும் பொருள், ராசி பார்ப்பது என்றும் நம் பேச்சில் பொருள்.

பாட்டைத் தொகுத்துப் பெயரிடுகிறவர்கள் இணையைச் சொன்னால் போதும்: அண்ணன் தங்கை பாட்டு, அக்கா தம்பி பாட்டு. எல்லாவற்றுக்கும் பொதுவாக உடன்பிறந்தார் பாட்டு. ‘உடன்பிறப்பு’ என்று போட்டால் கட்சி மேடை ஞாபகம் வருவதால் பாட்டுத் தலைப்புக்கு ‘உடன்பிறந்தார்’ நன்றாகப் பொருந்தும். கொங்குப் பாட்டு என்றால், பாடுகிறவர் வாயில் வந்தபடி, ‘பொறந்தவ பாட்டு’ என்றே எழுதலாம்.