சென்டர்: மையமா, முனையா?

‘சென்டர் எடுத்தாச்சா?’, ‘சென்டரை இன்னும் கொஞ்சம் டைட் பண்ணு.’ பெங்களூரில் பீன்யா லேத் பட்டறையானாலும் மர டிப்போவை ஒட்டிய தச்சுப் பட்டறையானாலும், நம்ம ஆட்கள் வேலை செய்கிற இடத்தில் இந்த இரண்டு பேச்சும் சகஜம். முதலில் சொன்ன சென்டர் மரத்தின் முகப்பில் இருக்கும் புள்ளி. இரண்டாவது, அந்தப் புள்ளியில் குத்தி மரத்தைத் தாங்கும் இரும்புக் கூர். தமிழில் எழுதும்போது இரண்டுக்கும் ‘மையம்’ என்றே போட்டுவிடுகிறார்கள், ‘மையத்தை இறுக்கவும்’ என்று படிப்பவர் எதை இறுக்குவார்?

சொல்லின் வேர் கிரேக்கம். கென்ட்ரான் என்றால் குத்தும் கூர். மாட்டை ஓட்டும் தாற்றுக்கோலுக்கும் அந்தப் பெயர்தான். அப்புறம் கவராயத்தின் ஊன்றும் காலுக்கு வந்து, அது குத்திய புள்ளிக்கு மாறி, லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. அதே கென்ட்ரான் சோதிடத்தோடு சமஸ்கிருதத்துக்குள் நுழைந்து கேந்திரம் ஆனது. ஜாதகத்தில் 1, 4, 7, 10-ஆம் வீடுகளைக் கேந்திரம் என்கிறோமே, அது இதுதான். பெங்களூரில் தெருவுக்குத் தெரு தொங்கும் ‘கேந்திரா’ போர்டுகளும் இதே குடும்பம். ஆக, பட்டறையில் இருக்கும் இரும்பு சென்டர்தான் பழைய பொருளை இன்னும் விடாமல் வைத்திருக்கிறது. அதனால் என் கட்சி இது: புள்ளிக்கு மையம், இரும்புக்கு முனை.

ரவுட்டர் (வேகமாகச் சுழலும் அலகால் மரத்தைக் குடைந்து வெட்டும் கருவி) பொருத்திய அலங்காரக் கடைசல் மெஷினில் இந்த வேறுபாடு ரொம்பவே முக்கியம். சாதாரண லேத்தில் மரம் வேகமாகச் சுற்றும், உளியை நாம் பிடிப்போம். இதில் நிமிடத்துக்கு 10,000 சுற்றுக்கு மேல் சுற்றுவது ரவுட்டரின் வெட்டும் அலகான பிட், மரமோ கைப்பிடியால் மெதுவாகத் திரும்புகிறது. கயிறு முறுக்குப் போட்ட கட்டில் கால் வெட்டும்போது மரத்தின் சுழற்சியும் ரவுட்டரின் நகர்வும் பற்சக்கரத்தால் பிணைந்தவை. லேத்தில் பிடி கொஞ்சம் வழுக்கினால் இறுக்கிவிட்டு வேலையைத் தொடரலாம், உருளை உருளையாகத்தான் வரும்; இங்கே ஒரு டிகிரி வழுக்கினாலும் அடுத்த ஓட்டத்தில் பிட் பழைய தடத்தில் விழாது, அந்தக் கால் வீண்.

மரத்தைத் திருப்பும் பக்கத்து முனையை ஓட்டுமுனை என்றும், எதிர்ப்பக்கம் தாங்குவதைத் தாங்குமுனை என்றும் சொல்லலாம். ஆங்கிலத்தில் இவற்றுக்கு உயிருள்ளது, செத்தது என்று பெயர் வைத்து அவர்களே குழம்பியிருக்கிறார்கள். பழைய வழக்கில் ‘லைவ்’ என்பது மரத்தோடு திரும்பும் ஓட்டுமுனை. இப்போது பேரிங் வைத்த தாங்குமுனையைத்தான் பலரும் ‘லைவ் சென்டர்’ என்கிறார்கள், நம் பட்டறைகளில் அதற்கே ‘ரிவால்விங் சென்டர்’ என்று பெயர். அதை அப்படியே ‘உயிர் மையம்’ ஆக்கினால் யாருக்கும் விளங்காது. திரும்புவதற்குச் சுழல்முனை, திரும்பாததற்கு நிலைமுனை என்றால் சொல்லே வேலையைச் சொல்லிவிடும்.

சரி, மையம் எடுப்பது எப்படி? சதுரக் கட்டையின் முகப்பில் இரண்டு மூலைவிட்டங்களைக் கோடு போடுங்கள், வெட்டும் இடத்தில் குத்தூசியால் ஆழமாகக் குத்துங்கள். ஓட்டுமுனைப் பக்கம் அந்தக் கோடுகளிலேயே ரம்பத்தால் சின்னக் கீறல் போட்டால் முனையின் நாலு பல்லும் அதில் போய் உட்காரும். முனையைக் கழற்றி, கட்டையில் வைத்து மரச்சுத்தியால் தட்டி இறக்கிய பிறகே மெஷினில் ஏற்றுங்கள், மெஷினில் வைத்து அடித்தால் பேரிங்குக்குக் கேடு. ஓட்டுமுனைக்குப் பதிலாகத் தட்டு வைத்துத் திருகு போட்டுப் பிடிப்பதும் உண்டு. ஆனால் முகப்பில் நார் ஓடும் திசையிலேயே இறங்கும் திருகுக்குப் பிடிப்பு குறைவு, கொஞ்சம் நீளமாகவே போடுங்கள்.

கட்டில் காலின் மேல்பகுதியைச் சதுரமாகவே விடப்போகிறீர்கள் என்றால் இன்னும் கவனம். மையம் ஒரு பக்கமாக 2 மி.மீ. விலகினால் எதிரெதிர் முகங்களில் வெட்டின் ஆழம் 4 மி.மீ. வித்தியாசப்படும். வெட்டுவதற்கு முன் கட்டையைக் கையால் திருப்பி, நாலு முகத்துக்கும் பிட் நுனிக்கும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். தாங்குமுனையை வெறி பிடித்த மாதிரி இறுக்காதீர்கள், மெலிந்த கட்டை நடுவில் வில்லாக வளையும். மையம் விலகிச் சுற்றுவதற்கு ‘ரன் அவுட்’ என்று எழுத அவசியமே இல்லை, ‘ஆட்டம்’ என்று பட்டறையில் ஏற்கெனவே சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம்.