ஆப்ஸ்டெட்ரிக்ஸ்: மகப்பேறியல்

கருவுற்ற நாள் முதல், பிரசவம் முடிந்து உடல் தேறும் வரை தாயையும் சேயையும் கவனிக்கும் மருத்துவத் துறைக்கு ஆப்ஸ்டெட்ரிக்ஸ் என்று பெயர். நம் பேச்சில் இந்தச் சொல் அவ்வளவாகப் புழங்குவதில்லை. கர்ப்பிணியைப் பார்க்கும் டாக்டரையும் ‘கைனகாலஜிஸ்ட்’ என்றே சொல்லிவிடுகிறோம். அது மகளிர் நோயியல், துறையே வேறு. இரண்டையும் பெரும்பாலும் ஒரே மருத்துவர் பார்ப்பதால் வந்த பழக்கம் இது.

சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. அங்கே ‘ஒப்ஸ்டெட்ரிக்ஸ்’ என்றால் மருத்துவச்சி. ‘ஒப்’ என்றால் எதிரே, ‘ஸ்டாரே’ என்றால் நிற்பது. பிள்ளை பெறுபவளுக்கு எதிரே நிற்பவள் என்று பொருள். ஈற்றில் வரும் ‘ட்ரிக்ஸ்’ பெண்பால் விகுதி. ஆக, ஆண் பேராசிரியர்கள் பெருமையோடு சூட்டிக்கொண்ட துறைப்பெயருக்குள்ளே இருப்பவள் ஒரு பெண்தான்.

ஆங்கிலத்தில் அதற்கு முன் நெடுங்காலம் வழங்கியது மிட்வைஃபரி. அதிலும் ‘உடனிருக்கும் பெண்’தான் இருக்கிறாள். 19ஆம் நூற்றாண்டில் லத்தீன் பெயர் மேலேறியதை மருத்துவர் ஜேம்ஸ் யங் சிம்ப்சனின் வாழ்க்கையிலேயே பார்க்கலாம். 1811இல் ஸ்காட்லாந்தின் பாத்கேட் ஊரில் ரொட்டி சுடுபவரின் மகனாகப் பிறந்தவர். 14 வயதில் எடின்பரோ பல்கலைக்கழகம் சேர்ந்து, 1840இல் 28 வயதிலேயே, ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் அங்கு பேராசிரியர் ஆனார். அந்தப் பதவியின் பெயரில் இருந்தது மிட்வைஃபரி. 1855, 56இல் அவருடைய கட்டுரைகளைத் திரட்டி இரண்டு தொகுதிகளாக வெளியிட்டபோது தலைப்பில் ஏறியது ‘ஆப்ஸ்டெட்ரிக்’.

அவர் எழுதியவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது 1847 டிசம்பரில் வந்த சிறு வெளியீடு. அதற்கு முந்தைய மாதம் 4ஆம் தேதி இரவு, குயின் தெரு வீட்டில் உணவு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, அவரும் உதவியாளர்கள் கீத், டங்கன் இருவரும் குளோரோஃபார்மை முகர்ந்து மயங்கி விழுந்தார்கள். சில நாட்களிலேயே பிரசவ வலிக்கு அதைக் கொடுத்தார். வேதனையோடு பிள்ளை பெறுவாய் என்று பைபிளில் ஏவாளுக்கு ஆண்டவர் சொன்னதை மருத்துவர் மாற்றலாமா என்று எதிர்ப்பு எழுந்தது. அதற்குப் பதிலாக வந்ததுதான் அந்த வெளியீடு. அதில் சிம்ப்சன் எபிரேய மூலத்துக்கே போனார். ஆதியாகமத்தில் அந்த இடத்தில் உள்ள சொல் உழைப்பை, பிரயாசையைக் குறிப்பது, வலியை அல்ல என்று வாதாடினார். அப்புறம், ஆதாமின் விலா எலும்பை எடுக்கும் முன் ஆண்டவரே அவனை ஆழ்ந்து தூங்கவைத்தாரே என்றும் கேட்டார். தாயின் வலிக்காக ஒரு மருத்துவர் அகராதியும் கையுமாக நின்றது எனக்குப் பெரிய விஷயம்.

சரி, தமிழில்? மகப்பேறியல். ‘மக’ பிள்ளை, ‘பேறு’ பெறு என்ற வினையிலிருந்து வந்தது. பேறு என்றால் பெறுதல் மட்டுமல்ல, கிடைத்தற்கரிய நன்மையும்கூட. திருக்குறளில் மக்கட்பேறு என்ற அதிகாரம் சொல்வது பிரசவத்தை அல்ல, நல்ல பிள்ளைகளைப் பெறும் அந்த நன்மையை. லத்தீன் சொல் உதவ வந்து நிற்பவளைப் பார்க்கிறது. நம் சொல் பெற்றவளுக்குக் கிடைத்ததைப் பார்க்கிறது. எனவே இதை மொழிபெயர்ப்பு என்று எண்ண வேண்டாம். சொந்தக் காலில் நிற்கும் சொல்.

பேறு, ஆற்றுநீர் போல ‘பேற்று’ என இரட்டித்து மகப்பேற்றியல் என்றும் எழுதப்படுகிறது. அதுவும் பிழையில்லை. ஆனால் வழக்கில் வேரூன்றியது மகப்பேறியல், அதையே எழுதுவோம். துறை மருத்துவரை மகப்பேறு மருத்துவர் என்போம். மிட்வைஃப் என்பவருக்குப் புதுச்சொல் எதுவும் வேண்டாம், மருத்துவச்சி இருக்கிறாள்.